சாக்கேயும் கித்தாப் பாலும்

நாமாசாக்கே, அதாவது சூடுகாட்டாத ஜப்பானிய அரிசி மது, கோலாலம்பூரில் எளிதில் அகப்படாது. விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் ஊர் வெக்கை. கடைத் தட்டுகளில் நிற்கும் சாக்கே பெரும்பாலும் இரண்டு முறை சூடு கண்டது: வடித்துத் தெளியவைத்த பிறகு ஒரு முறை, புட்டியில் அடைக்கும் சமயத்தில் மறுமுறை, 60 முதல் 65 டிகிரி வரை. நாமாசாக்கேக்கு அந்தச் சூட்டையே காட்டுவதில்லை. அரிசியைச் சர்க்கரையாக்கிய நொதிகள் புட்டிக்குள்ளும் வேலை செய்யத் தயாராகவே இருக்கும். அதனால் ஜப்பானில் வடித்த நாள் முதல் இங்கே கிண்ணத்தில் ஊற்றும் வரை அது குளிரிலேயே இருந்தாக வேண்டும். துறைமுகத்திலோ கிடங்கிலோ வெளியே கிடந்துவிட்டால் ஐசோவலரால்டிஹைடு என்னும் பொருள் அதில் கூடிக்கொண்டே போகும். பழ வாசம் அமுங்கி, ஒரு முற்றிய வாடை மேலெழும்.

அப்படி ஒரு புட்டி கெடாமல் வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும், கே.எல். சென்ட்ரலை ஒட்டி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருக்கும் ஒரு சிறிய ஜப்பானிய உணவகத்துக்கு என் சக ஊழியர் ஒருவரை அழைத்துப் போனேன். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் இருட்டோடு பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் தங்கள் நிரையில் மரம் சீவி முடித்தவர்கள். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனவர், “தம்பி, இதுல பழம் ஏதும் போட்டிருக்காங்களா? ஆப்பிள் வாசம் அடிக்குதே” என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ராத்திரி மாத்திரை அட்டையை எடுத்து, மறந்துவிடக் கூடாதென்று மேசைமேல் வைத்துக்கொண்டார். சிம்வாஸ்டேட்டின்; கொலஸ்ட்ராலுக்குப் போடுவது.

அந்தக் கிண்ணத்துக்கும் அந்த மாத்திரைக்கும் அவருடைய பெற்றோர் சீவிய மரத்துக்கும் பொதுவாக ஒரு மூலக்கூறு இருக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்ட கதை, சாக்கே ஏன் கெட்டுப்போகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அதற்குப் போகுமுன் சாக்கே எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம்.

பழம் எதுவும் போடுவதில்லை. அரிசி, தண்ணீர், கோஜி என்னும் பூஞ்சணம், ஈஸ்ட் ஆகியவைதான் சரக்கு. நமக்குத் தெரிந்த கள்ளோடு வைத்துப் பார்த்தால் இதிலுள்ள சிக்கல் விளங்கும். தென்னம்பாளையைச் சீவினால் வடியும் சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருக்கிறது. காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்ததுமே வேலை தொடங்கிவிடும். காலையில் இறக்கியது சில மணி நேரத்தில் பொங்கும், மறுநாளைக்குள் காடியாகத் திரும்பும். சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கினால் மட்டும் அது பதநீராக நிற்கும். அரிசியில் அப்படி இல்லை. அதிலிருப்பது மாவுச்சத்து, சர்க்கரை நீளநீளமாகப் பின்னிக் கிடக்கிறது, ஈஸ்டால் அதைத் தொட முடியாது. யாராவது முதலில் அதைத் துண்டாக்கித் தர வேண்டும். பீர் காய்ச்சுபவர்கள் பார்லியை முளைகட்டி, முளையின் நொதிகளைக் கொண்டு அதைச் செய்கிறார்கள். கிழக்காசியாவும் தென்கிழக்காசியாவும் அந்த வேலையைப் பூஞ்சணத்திடம் ஒப்படைத்தன. நம் மலாய் அண்டை வீட்டார் பெருநாளுக்குச் செய்யும் தாப்பாய், ராகி என்னும் வெள்ளை வில்லையைப் பொடித்துத் தூவிய புளுட் அரிசிதான். அந்த வில்லையில் பூஞ்சணமும் ஈஸ்டும் சேர்ந்தே உறங்குகின்றன.

ஜப்பானியர் பயன்படுத்தும் பூஞ்சணம் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. ஆவியில் வேகவைத்த அரிசியின் மேல் அதன் வித்துகளைத் தூவி, 30 முதல் 40 டிகிரி வெப்பமுள்ள அறையில் ஏறத்தாழ இரண்டு நாள் புரட்டிப் புரட்டிக் காப்பார்கள். பூஞ்சண இழைகள் அரிசியின் உட்புறம் நோக்கி வளர்ந்து, மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளையும் புரதத்தை உடைக்கும் நொதிகளையும் சுரக்கும். இதன் மிக நெருங்கிய உறவு அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். நனைந்த நிலக்கடலையில் படர்ந்து அஃப்ளாடாக்சின் என்னும் கொடிய நஞ்சைத் தருவது அதுதான். கோஜி அந்த நஞ்சைத் தருவதில்லை. நூற்றாண்டுகளாக மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்த வீட்டுப் பூஞ்சணம் அது. 2005இல் அதன் மரபுத்தொகுதியை முழுவதும் வாசித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஜப்பான் மதுவடிப்புச் சங்கம் அதை நாட்டின் பூஞ்சணம் என்று அறிவித்தது. ஒரு நாட்டுக்கு மலரும் பறவையும் இருக்கும்போது பூஞ்சணமும் இருப்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஜப்பானியச் சமையலறையில் மீசோவும் சோயாவும் மிரினும் காடியும் இதன் உழைப்புதான்.

தொட்டிக்குள் கோஜி சர்க்கரையை விடுவிக்க விடுவிக்க, ஈஸ்ட் அதே தொட்டியில் அதைச் சாராயமாக்கிக்கொண்டே வரும். சர்க்கரை ஒரேயடியாகக் குவியாததால் ஈஸ்ட் திணறுவதில்லை. காய்ச்சி வடிக்காத எந்தப் பானமும் எளிதில் எட்டாத 20 சதவீதச் சாராயம் வரை இந்த முறையில் போக முடியும். பிறகு தண்ணீர் சேர்த்து 15, 16க்குக் கொண்டுவருவார்கள். உயர்தரமான தைகிஞ்ஜோ வகைக்கு அரிசிமணியில் பாதியையோ அதற்கு மேலோ வெளிப்புறத்திலிருந்து தீட்டி நீக்கிவிடுகிறார்கள். கொழுப்பும் புரதமும் வெளிப்பாகத்தில்தான் அதிகம். மீந்த வெண்மையான நடுமணியைப் பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் ஒரு மாதம்போல் மெல்ல நொதிக்க விடும்போது, ஈஸ்ட் எத்தில் கேப்ரோயேட் என்னும் எஸ்டரை உண்டாக்குகிறது. அண்ணனுக்கு அடித்த ஆப்பிள் வாசம் இதுதான். கூடவே வாழைப்பழ வாசம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டும் இருக்கும்.

அண்ணன் இரண்டு சிறிய கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் குடி என்றால் வேறொரு நினைவு. சம்பளத்தன்று தோட்டத்துக் கள்ளுக்கடையில் காசு எப்படிக் கரைந்தது என்று பார்த்தவர்கள் அவர்கள். 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. அந்த ஆண்டு மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். படை வந்தது, சுட்டது, ஐந்து பேர் செத்தார்கள். நொதித்தலின் அறிவியலை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனால் அந்த வரலாற்றைத் தாண்டி ஒரு மலேசியத் தமிழரால் கிண்ணத்தைத் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது.

சுஷி வந்தது. சாக்கேயும் மீனும் சேர்ந்தால் ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு வேதியியலில் தெளிவான விடை உண்டு, அது இரண்டு பகுதியாக இருக்கிறது.

முதலாவது சுவை. கோஜியின் நொதிகள் அரிசிப் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்துவிடுவதால் சாக்கேயில் குளுட்டமேட் கரைந்திருக்கிறது. கடற்பாசி ரசத்திலிருந்து கிகுனே இகேதா 1908இல் பிரித்தெடுத்து உமாமி என்று பெயரிட்ட சுவைக்குக் காரணம் இதுவே. மீனில் வேறொன்று நடக்கிறது. உயிர் போன பிறகு தசையிலிருக்கும் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு படிப்படியாகச் சிதைந்து இனோசினேட் ஆகிறது. அங்கே சற்று நேரம் தங்கி, பிறகு இனோசினாகவும் ஹைப்போசாந்தினாகவும் கீழிறங்குகிறது. அதனால்தான் நல்ல சுஷி வல்லுநர் சில மீன்களைப் பிடித்த அன்றே பரிமாறாமல் குளிரில் ஆறவைக்கிறார். இனோசினேட் உச்சத்திலிருக்கும் வேளைக்காகக் காத்திருக்கிறார். குளுட்டமேட்டும் இனோசினேட்டும் நாக்கில் ஒன்றாகப் படும்போது, தனித்தனியாகப் படுவதைக் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு சுவை தோன்றுகிறது. இதை அகிரா குனினாகா 1950களின் பிற்பகுதியில் விளக்கினார். அவர் வேலை பார்த்தது ஒரு சோயா நிறுவனத்தில்.

இரண்டாவது வாடை. சிவப்பு வைனோடு மீன் சாப்பிட்டால் சிலருக்குக் கவிச்சி தூக்கலாகத் தெரியும். 2009இல் தகாயுகி தாமுராவும் அவரோடு வேலை செய்தவர்களும் பல வைன்களை உலர்ந்த சிப்பியோடு சேர்த்துச் சோதித்து, கவிச்சிக்குக் காரணம் வைனில் கரைந்த இரும்பு என்று காட்டினார்கள். மீன் கொழுப்பு காற்றோடு சேர்ந்து சிதைவதை இரும்பு முடுக்கிவிடுகிறது. வாய்க்குள்ளேயே அந்த வாடை பிறக்கிறது. சாக்கே வடிப்பவர்கள் இரும்பைக் கண்டாலே விலகுகிறவர்கள். கோஜி சுரக்கும் ஒரு பொருளோடு இரும்பு சேர்ந்தால் சாக்கே பழுப்பேறிவிடும் என்பதால், லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இரும்புள்ள தண்ணீரை அவர்கள் தொடுவதில்லை. நிறத்துக்காக எடுத்துக்கொண்ட கவனம் மீனுக்கும் உதவியாக அமைந்தது.

சுஷிச் சோற்றின் புளிப்பும் இதே குடும்பம்தான். 1804இல் ஹாந்தா என்ற ஊரில் நாகானோ மதசாயெமோன், சாக்கே பிழிந்த சக்கையிலிருந்து மலிவான காடி செய்யத் தொடங்கினார். எதோ என்று அன்று அழைக்கப்பட்ட தோக்கியோ நகரத்துத் தெருக் கடைகளில் கைச்சுஷி பரவியபோது சோற்றில் கலந்தது அந்தக் காடி. அதற்கும் முந்தைய சுஷி, சோற்றுக்குள் மீனைப் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவிட்டது. பேராக்கில் வறுத்த அரிசியும் உப்பும் சேர்த்து ஆற்று மீனை ஊறவைக்கும் பெக்காசாம் அதே முறையைச் சேர்ந்தது. பச்சை மீன் என்றால் முகம் சுளிக்கும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

இனி சாக்கே கெட்டுப்போகும் கதை.

வடித்த சாக்கே சில தொட்டிகளில் திடீரென்று கலங்கும், புளிக்கும், நாறும். ஒரு பட்டறை முழுவதும் ஒரே பருவத்தில் அழிந்துபோனதுண்டு. சூடுகாட்டினால் இந்தக் கேடு வராது என்று ஜப்பானியர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். நாரா நகரத்துத் துறவிகளின் நாட்குறிப்பு ஒன்றில் 16ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பழக்கம் பதிவாகியிருக்கிறது. லூயி பாஸ்டர் வைனைச் சூடாக்கச் சொன்னது 1860களில். தோக்கியோவில் வேதியியல் கற்பித்த ராபர்ட் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் சாக்கேயின் வேதியியல் பற்றி 1881இல் நூல் எழுதியபோது, வெப்பமானி இல்லாமலே பட்டறைகளில் இது நடப்பதை வியந்து குறித்தார்.

கெடுப்பது ஹியோச்சி என்று அழைக்கப்படும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். பெரும்பாலான நுண்ணுயிர்கள் செத்துவிடும் அளவு சாராயத்தில் இவை சுகமாக வாழ்கின்றன. விந்தை என்னவென்றால், ஆய்வகத்தில் வழக்கமான சத்துக் கரைசல்களில் இவை வளர மறுத்தன. அதில் கொஞ்சம் சாக்கேயை ஊற்றினால் வளர்ந்தன. அப்படியானால் சாக்கேயில் இவற்றுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று இருக்கிறது. ககுசோ தாமுரா அந்தப் பொருளைத் தேடிப் பிரித்தெடுத்து, 1956இல் ஹியோச்சிக் அமிலம் என்று பெயர் சூட்டினார். கோஜிப் பூஞ்சணம் அதை வெளியே விடுகிறது. பாக்டீரியா அதை எடுத்துக்கொள்கிறது.

அதே 1956இல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோல்கர்ஸ் குழுவினர் வேறொரு பாக்டீரியாவுக்கு ஊட்டம் தேடிக்கொண்டிருந்தார்கள். சாராய ஆலையில் வடித்த பிறகு எஞ்சும் கழிவை உலர்த்தியதில் ஒரு பொருள் அதை வளர்த்தது. அதற்கு மெவலோனிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டும் ஒன்றே. பெயர் மெர்க்குடையது நிலைத்தது. ஆறு கரிம அணுக்கள் கொண்ட இந்தச் சின்னஞ்சிறு மூலக்கூறு, உயிரியலின் பெரும் புதிர் ஒன்றுக்குச் சாவியாக அமைந்தது. உடல் கொலஸ்ட்ராலை எப்படிக் கட்டுகிறது என்பதைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தவர்கள், ஈரல் சாற்றில் மெவலோனிக் அமிலத்தை விட்டதும் அது நேரே கொலஸ்ட்ராலாக மாறுவதைக் கண்டார்கள். செல் அதிலிருந்து ஒரு கரிம அணுவைக் கழற்றிவிட்டு ஐந்து அணுக்கள் கொண்ட ஓர் அலகை உண்டாக்குகிறது. அந்த அலகுகளைக் கோத்துக் கோத்து எண்ணற்ற பொருள்களைச் செய்கிறது. ஆறு அலகு சேர்ந்தால் ஸ்குவாலீன். அதை மடித்துச் செதுக்கினால் கொலஸ்ட்ரால். இந்தப் பாதையை விளக்கிய கொன்ராட் பிளாக்கும் ஃபியோடர் லீனனும் 1964இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நான் சொல்வதைக் கேட்டபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அஞ்சு கரிமம்னா... ஐசோப்ரீன்தானே? கித்தாவும் அதுதானே தம்பி?”

அதுவேதான். கித்தா, அதாவது ரப்பர், ஐசோப்ரீன் அலகுகளின் நெடுஞ்சரம். பால்மரத்து ரப்பரின் ஒரு மூலக்கூறில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அலகுகள் கோத்திருக்கும். ராடெரிக் பார்க்கும் ஜேம்ஸ் பானரும் 1958இல், மரத்திலிருந்து எடுத்த பாலில் அடையாளமிட்ட மெவலோனிக் அமிலத்தைக் கலந்தபோது அது ரப்பராகச் சேர்வதைக் காட்டினார்கள். சாக்கேயைக் கெடுத்த கிருமிக்கு ஊட்டமாக இருந்த அதே பொருள், கித்தாக்காட்டு மரத்தின் பட்டைக்குள் ரப்பருக்கு மூலப்பொருள். விடியுமுன் சீவ வேண்டியிருந்ததற்கும் உடலியல் காரணம் உண்டு. இரவில் இலைகள் நீரை இழப்பது குறைவதால் பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் தளரும். மங்கில் சேரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். எறும்புப் புளி என்று நாம் சொல்லக்கூடிய ஃபார்மிக் அமிலம் அதைக் கட்டியாக்குகிறது.

“எங்கப்பா சீவுன பால்லயும் இந்த அமிலந்தான் ஓடுச்சா?” என்று கேட்டார். “ஆமாண்ணே, நிமிஷத்துக்கு நிமிஷம் மரம் அதைச் செஞ்சிக்கிட்டே இருக்கும்” என்றேன். அவர் தம் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் கப்பலேறுவது நின்றது, தோட்டங்களில் வேலை போயிற்று. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏற்றிப் போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவருடைய தாத்தாவும் அவர்களில் ஒருவர். ஜப்பானியர் கண்டறிந்த ஒரு மூலக்கூறை நான் இத்தனை ஆசையோடு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் இதைச் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. இரண்டும் ஒரே மரத்தின் கதை.

இப்போது மாத்திரைக்கு வருவோம். மெவலோனிக் அமிலத்தை உண்டாக்கும் நொதியைத் தடுத்தால் கொலஸ்ட்ரால் குறையும் என்பது பாதை விளங்கியதும் தெரிந்துவிட்டது. தடுக்கும் பொருள் எங்கே இருக்கும்? சாங்க்யோ நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எந்தோ ஒரு கணக்குப் போட்டார்: பூஞ்சணங்கள் தங்களோடு போட்டியிடும் நுண்ணுயிர்களை முடக்க இப்படி ஒரு பொருளைச் சுரக்கக்கூடும். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, கியோத்தோவின் தானியக் கடை ஒன்றின் அரிசியில் கிடைத்த பெனிசிலியம் சிட்ரினத்தில் 1973இல் அதைக் கண்டார். அதுதான் முதல் ஸ்டேட்டின். பிறகு மெர்க் தேடியபோது, அஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்னும் மண் பூஞ்சணத்தில் லோவாஸ்டேட்டின் அகப்பட்டது. 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அண்ணனின் சிம்வாஸ்டேட்டின் அதைச் சற்று மாற்றிச் செய்தது. கோஜியும் டெர்ரியஸும் ஒரே அஸ்பெர்ஜில்லஸ் பேரினம்: ஒன்று மெவலோனிக் அமிலத்தை வெளியே விடுகிறது, மற்றொன்று அதன் உற்பத்தியை நிறுத்தும் மருந்தைச் செய்கிறது. இதய நோய் இத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் நம் சமூகத்தில் அந்த மருந்தின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. மதுவும் இந்த மருந்தும் இரண்டுமே ஈரலுக்கு வேலை வைப்பவை என்பதால், எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணன் கேட்டிருந்தார்.

பாதை தெரிந்த பிறகும் ரப்பரைத் தொட்டியில் மரம் செய்வதுபோல் செய்துவிட முடியவில்லை. 2016இல் தோஹோக்கு பல்கலைக்கழகத்தாரும் சுமிதோமோ ரப்பர் நிறுவனத்தாரும் அலகுகளைக் கோக்கும் புரதங்களைத் தனியே தயாரித்து, பால்மரத்து ரப்பர் துகள்களின் மேற்பரப்பில் பொருத்திப் பார்த்தார்கள். அங்கே பொருந்தியபோது அவை நெடுஞ்சரம் கோத்தன. அந்தத் துகள்தான் உலைக்களம் என்று தெரிந்தது.

வேறொரு பொருளில், மலேரியா மருந்தில், ஈஸ்ட் வென்றுவிட்டது. 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தபோது ஊரே மலேரியாவில் கிடந்தது. சதுப்பை வடித்து, கொசுவின் இடத்தை ஒழித்து அவர் அதைத் தணித்தார். சுற்றுவட்டத் தோட்டங்களில் அந்தக் காய்ச்சல் கொண்டுபோன தமிழ் உயிர்கள் ஏராளம். இன்று மலேரியாவுக்கு முதன்மையான மருந்து ஆர்ட்டெமிசினின். அதுவும் அதே ஐந்து கரிம அலகுகள் மூன்றைக் கோத்துக் கட்டியது. ஜே கீஸ்லிங் குழுவினர் 2006இல் ஈஸ்டின் மெவலோனிக் அமிலப் பாதையை முடுக்கிவிட்டு, ஆர்ட்டெமிசினின் தரும் மூலிகையின் மரபணுக்களைச் சேர்த்து, அந்த மருந்துக்கு முந்தைய பொருளான ஆர்ட்டெமிசினிக் அமிலத்தைச் செய்ய வைத்தார்கள். 2013இல் வெளியான அறிக்கையில் அதன் அளவு லிட்டருக்கு 25 கிராம். வேலை செய்த ஈஸ்ட் சக்கரோமைசீஸ் செரவீசியே. சாக்கேத் தொட்டியிலும் கள்ளுப் பானையிலும் பொங்குகிற அதே இனம்.